மூடிக்கு இட்ட சந்தனம்

திரவியத்துக்கு வயிறு எரியத் தொடங்கியது ஓர் அட்டையால். மலையாள ஊரான தம்பானூரில் அவன் வேலை பார்த்த ஓட்டலில், ஒவ்வொரு மாடியிலும் தீ மணியின் சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். 'பொறுப்பு: பிச்சைக்கனி.'

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து பதினாறு வருடமாக அங்கே கரண்டு வேலை முழுக்கத் திரவியம்தான். எந்தச் சுவருக்குள் எந்த ஒயர் ஓடுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அவன் பெயரை ஒரு துண்டுத் தாளில்கூட யாரும் எழுதித் தொங்கவிட்டதில்லை. பிச்சைக்கனி ரூம் பாயாக வந்து நாலே வருடம். பத்தாவது பாஸ். சூப்பர்வைசர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் தனக்குத்தான் என்று திரவியம் இருந்தபோதுதான் அந்தச் சிவப்புப் பெட்டிக்கு ஒரு மூடி வந்து சேர்ந்தது.

தங்க வருகிறவர்களின் பிள்ளைகள் சிவப்புப் பெட்டியின் கைப்பிடியைச் சும்மா இழுத்துவிடும். மணி அலறும். ஈரத் துண்டோடு ஆட்கள் ரோட்டுக்கு ஓடுவார்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி போடலாம் என்று பிச்சைக்கனிதான் மானேஜரிடம் சொன்னான். தூக்கினாலே மூடி தனியாகக் கீச்சிடும்; பிள்ளை பயந்து விட்டுவிடும். தீயணைப்பு ஆபீசரும் பார்த்துச் சரி என்றார். ஆனால் பூட்டக் கூடாது, கட்டக் கூடாது, ஒரே தூக்கில் திறக்க வேண்டும் என்று சட்டத்தைச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு பொய் மணிகூட அடிக்கவில்லை. மானேஜர் மகிழ்ந்துபோய் மூடிகளைப் பிச்சைக்கனி பொறுப்பிலேயே விட்டு, மாடிதோறும் அந்த அட்டையைத் தொங்கவிட்டார்.

"பிச்சைக்கனி போட்ட மூடி கொள்ளாம்லா, நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி?" என்றாள் துணிக்கு இஸ்திரி தேய்க்கிற செல்லபாய்.

"சோத்துப் பானைக்கும்தான் மூடி உண்டு. அதுக்கு ஆரு அட்டை எழுதித் தூக்குனா?"

ஓட்டலில் ஆயுத பூஜை மட்டும் திரவியத்தின் ராஜ்ஜியம். ஓட்டலை மூட முடியாது என்பதால், பிரிவுக்கு ஒரு கருவியை எடுத்து மஞ்சள் நூல் சுற்றிச் சந்தனம் வைப்பான். விஜயதசமி காலையில் அவனே அவிழ்க்கும்வரை அதை ஒருத்தரும் தொடமாட்டார்கள். 2003ஆம் வருடப் பூஜைக்குப் பிச்சைக்கனி லீவில் ஊருக்குப் போயிருந்தான். அஷ்டமி சாயங்காலம் திரவியம் எல்லா மாடியும் ஏறி, மூடிகளையும் சேர்த்து நூல் சுற்றி இறுக்கிச் சந்தனம் வைத்தான். அட்டைகளில் பெயர் இருந்த இடமாகப் பார்த்து ஒரு கை சந்தனம் அப்பினான். பூஜை முடிகிறவரைக்குமாவது அவை தன்னுடையவையாக இருக்கட்டும்.

மறுநாள் காலை, மூன்றாம் மாடித் தேய்ப்பு அறையில் படுக்கை விரிப்பு பற்றிக்கொண்டது. செல்லபாய் சிவப்புப் பெட்டிக்கு ஓடினாள். நூலைப் பார்த்ததும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, மூன்று மாடியும் இறங்கி வந்தாள்.

"அண்ணாச்சி, தீ! வந்து நூலை அவுருங்க!"

"அறுத்து இழுக்க வேண்டியதுதான பிள்ளே!"

"பூஜைக்கு வச்சத நான் எப்படித் தொட?"

திரவியம் கீழ்த்தளத்துப் பெட்டியின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கைப்பிடியை இழுத்தான். மணி அடித்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். நாலு விரிப்பும் ஒரு திரைச்சீலையும் போனதோடு தீ அணைந்தது.

மானேஜர் அறுந்த நூலைத் தூக்கிக் காட்டினார். "ஆரா இது கெட்டியது?"

பிச்சைக்கனி அப்போதுதான் நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் பையோடு வந்து நின்றான். திரவியத்தை ஒரு பார்வை பார்த்தான்.

"கெட்டச் சொன்னது ஞான்தான் சாரே. என் பொறுப்பு."

மானேஜர் அவன் தோளைத் தட்டினார். "உள்ளத ஒளிக்காத ஆளு!"

திரவியம் ஓர் அடி முன்னால் வந்தான். இவன் அட்டையை எடுத்துக்கொண்டான். சூப்பர்வைசர் இடத்தையும் எடுத்துக்கொள்ளப் போகிறான். இப்போது, நான் செய்த தப்பையுமா?

"பொய் சாரே! அவன் ஊருலயே இல்ல. அத்தனை மாடியும் ஏறி ஞான் ஒத்தைக்குக் கெட்டினது!"

"சம்மானம் வாங்கின மாதிரில்லா நிக்கிய?" என்றார் மானேஜர்.

திரவியத்துக்கு வேலை மட்டும் தப்பியது. சூப்பர்வைசர் இடம் பிச்சைக்கனிக்குப் போனது. அன்றைக்கே வாளியும் துணியுமாக ஒவ்வொரு மாடியிலும் சந்தனத்தைக் கழுவ வேண்டியதும் திரவியத்தின் பாடாயிற்று. மூடிகள் பளிச்சென்று ஆகிவிட்டன. மூன்றாம் மாடி அட்டையில் மட்டும், பெயரின் மேல் மஞ்சள் கறை நின்றுவிட்டது. அவனும் அதை அழுத்தித் தேய்க்கவில்லை.