ஜெயிக்கப் பயந்த ஆட்டம்

போன வாரம் என் மகள் வேண்டுமென்றே தோற்றுப்போனாள். ஒரு முறை இல்லை, வரிசையாக நான்கு முறை.

திருவொற்றியூரில் எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படிக்குக் கீழே பிள்ளைகள் உட்கார்ந்து சீட்டு ஆடுவார்கள். ரம்மியெல்லாம் இல்லை. இல்லாத விலங்குகளின் படம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பலம், வேகம் என்று எண் கொடுத்திருக்கும் கார்டுகள். விதிகள் எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்டால் மகள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள், பத்து வயதில். ஒன்று மட்டும் தெரியும்: ஜெயித்தவர் தோற்றவரிடமிருந்து ஒரு கார்டை எடுத்துக்கொள்ளலாம். அன்று எதிரில் உட்கார்ந்திருந்தவள் நிவேதா. கத்திவாக்கத்திலிருந்து தரைத்தளத்துக்குப் புதிதாகக் குடிவந்த பெண். அவள் அம்மா மார்க்கெட்டில் இறால் விற்கிறார். காய்கறிப் பையோடு படியேறிக்கொண்டிருந்த நான், மகள் கையில் தங்க விளிம்பு போட்ட பெரிய கார்டை வைத்துக்கொண்டு, அதை விட்டு ஒரு நோஞ்சான் கார்டைக் கீழே போடுவதைப் பார்த்தேன்.

நிவேதாவின் அம்மாவும் பார்த்திருக்கிறார். அவருக்கும் பிள்ளைகளின் தந்திரமெல்லாம் அத்துப்படி போலிருக்கிறது.

“யக்கா, ஒன் பொண்ணு தங்கம்க்கா. புதுசா வந்த புள்ளன்னு விட்டுக் குடுத்து ஆடிகினு கீது. இன்னாமா வளத்துகிற!”

எனக்குத் தலை கால் புரியவில்லை. மேலே வந்து, யாரும் கேட்காமலேயே வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். நான் பஜ்ஜி போடுவது எங்கள் வீட்டில் விருது வழங்கும் விழாவுக்குச் சமம். மகள் மூன்றாவது பஜ்ஜியில் இருக்கும்போது, பெருமையை இன்னும் கொஞ்சம் சுவைக்கலாமென்று கேட்டேன்.

“ஏன்டி அவளுக்கு விட்டுக் குடுத்தே?”

“ஜெயிச்சா அவ கார்டை வாங்கணும்லம்மா? ஒரே எறா நாத்தம். கையில ஒட்டிக்கும்.”

சொல்லிவிட்டு நான்காவது பஜ்ஜியை எடுத்தாள்.

அடுப்பை அணைத்தேன். எண்ணெய் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு, பால்கனிக்குப் போய் நின்றேன். அந்த நேரம் பார்த்து வடக்கேயிருந்து காற்று.

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒரு பக்கம் கேஸ் நெடி, இன்னொரு பக்கம் கருவாடு, இன்னொரு பக்கம் சாம்பல், தெற்கிலிருந்து திரும்பினால் குப்பைமேட்டுப் புகை. நகரத்தின் மற்ற பகுதிகளில் இருந்து வரும் உறவினர்கள் டோல்கேட்டைத் தாண்டும்போதே கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள். என் கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் காபி குடித்து முடிக்கும்வரை ஒரு கையை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை. அந்தக் கை என் நினைவில் அப்படியே இருக்கிறது. ஆகவே, மூக்கை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஒதுக்கும் தகுதி இந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. ஆனாலும் எங்களுக்குள் அதை எவ்வளவு நுணுக்கமாகச் செய்துகொண்டோம்!

என் சின்ன வயதில் நாங்கள் தண்டையார்பேட்டையில், டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹவுசிங் போர்டு வீட்டில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் பிளாக் முழுக்க ஒரே பைத்தியம்: பபிள்கம் பாக்கெட்டுக்குள் வரும் மல்லர் கார்டு. மென்று மென்று தாடை வலித்தது எல்லாருக்கும். ஒவ்வொரு கார்டிலும் ஒரு மல்லன் முறைத்துக்கொண்டு நிற்பான். கீழே அவனுடைய உயரம், எடை, ஜெயித்த சண்டைகள். கார்டுக் கட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மேல் கார்டை மட்டும் பார்த்து, “எடை” என்றோ “உயரம்” என்றோ கேட்க வேண்டும். யாருடைய எண் பெரிதோ அவருக்கு மற்றவரின் கார்டு.

இதில் எங்கள் பிளாக்குக்கென்று ஒரு சட்டம் இருந்தது. புதிதாக ஆட வருகிறவருக்கு முதல் மூன்று நாள் லுல்லலாயி ஆட்டம். அதாவது விளையாட்டுக்கு விளையாட்டு. அவர் தோற்றால் கார்டு போகாது. ஜெயித்தால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எதிராளியும் கொஞ்சம் பார்த்து, விட்டுக் கொடுத்து ஆட வேண்டும். நான்காவது நாளிலிருந்து நெஜ ஆட்டம். சட்டம் போட்டவன் எட்வின், எங்கள் எல்லாரையும் விட ஒரு வயது பெரியவன். எந்த வம்புக்கும் நீதிபதி அவன்தான். எனக்கும் மூன்று நாள் கிடைத்தது. அந்த மூன்று நாளில் நான் உலக மகா ஆட்டக்காரி என்று நினைத்துக்கொண்டேன்; நான்காவது நாள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

பவானி வந்தது அந்த வருடம் மழை விட்ட பிறகு. கொடுங்கையூரில் வீடு. குப்பைமேட்டுப் புகையில் மூச்சு இழுக்கிறதென்று, எங்கள் பிளாக்கின் தரைத்தளத்தில் இருந்த அத்தை வீட்டில் அவளைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவளுடைய நைனாவுக்குக் குப்பை லாரியில் வேலை. அவளிடம் ஒரு தகர டப்பா நிறைய மல்லர் கார்டு. எங்கள் யாருக்கும் கிடைக்காத பளபள கார்டுகூட மூன்றோ நான்கோ இருந்தன. எங்கே கிடைத்தது என்று எட்வின் கேட்டதற்கு மறைக்காமல் சொன்னாள்.

“பெரிய வூட்டுப் பசங்க தூக்கிப் போட்ரும். எங்க நைனா லாரியில பொறுக்கி எட்த்தாரும்.”

கார்டுகளை அவள் துணியால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவி வைத்திருந்தாள். டப்பாவைத் திறந்தால் முதலில் பவுடர் மணக்கும். அப்புறம், அதற்கடியிலிருந்து, புளித்த பாலும் ஈரக் காகிதமும் சேர்ந்த ஒரு நாற்றம் எழும்பி வரும். இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் நடுவில் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். எதை நினைத்து என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அந்த நாற்றத்தையா, என்னையா?

அம்மாவுக்கு அன்றைக்கே செய்தி எட்டிவிட்டது. “அந்தப் பொண்ணு குடுக்கற எதையும் கையில வாங்காத. வெளையாடிட்டு நேரா பாத்ரூம் போயிட்டுதான் உள்ள வரணும், சொல்லிட்டேன்” என்றாள். விளையாடாதே என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரையும் எதுவும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

மற்ற வீடுகளிலும் இதையே சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கான லுல்லலாயி மூன்று நாள் முடிந்தது. நான்காவது நாளும் நாங்கள் பவானிக்கு விட்டுக் கொடுத்தோம். ஐந்தாவது நாளும். கையில் இருநூறு கிலோ குண்டன் இருந்தால் எடையைக் கேட்காமல் உயரத்தைக் கேட்டோம். தோற்று, எங்கள் கார்டை அவள் முன்னால் தரையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம். யாரும் யாரோடும் பேசி முடிவு செய்யவில்லை. தன் கட்டு பெருகப் பெருக அவளுக்கு ஒரே சந்தோஷம். “நல்ல பசங்கடி நீங்க. எங்க தெருவுல மொத நாளே வழிச்சிடுவானுங்க” என்றாள். தலைமுடியில் வைத்திருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி எனக்குக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் போட்டுவிட்டேன்.

பதினைந்து நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் நான் தப்புக் கணக்குப் போட்டேன். என் கார்டில் குள்ளன். தோற்பதற்கென்றே “உயரம்” என்றேன். அவள் கையில் என் குள்ளனை விடக் குள்ளன். நான் ஜெயித்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே கார்டை நீட்டினாள்.

“வேணாம், நீயே வச்சுக்கோ. நீ புதுசுதானே?”

“இன்னாடி புதுசு? பாஞ்சி நாளாச்சு. புடி.”

கை நீட்டியபடியே இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாவாடை நுனியைத் தூக்கி, அதனால் கார்டைப் பிடித்து வாங்கினேன். சூடான பாத்திரத்தை இறக்குவது போல.

பவானியின் சிரிப்பு நின்றது. கையில் மீதியிருந்த கட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு முறை, இன்னொரு முறை. பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டாள்:

“பவுடர் வாசனதான வருது?”

எட்வின் சிரித்தான். “பவுடர் போட்ட குப்ப.” அதற்கு எல்லாரும் சிரித்தோம். நானும். ‘நானும்’ என்ற அந்த ஒரு சொல்லை இங்கே எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

அவள் இனி வரமாட்டாள் என்று நினைத்தோம். மறுநாள் எங்களுக்கு முன்னால் வந்து படியில் உட்கார்ந்திருந்தாள், டப்பாவோடு.

“இன்னிலேர்ந்து லுல்லலாயி கெடயாது. நெஜ ஆட்டம். ஜெயிச்சவன் கார்ட கையால வாங்கணும். வாங்கி, மோந்து பாத்து, பாக்கெட்ல வெச்சுக்கணும். வரியா எட்வினு? பயந்துகினியா?”

சவால் என்று வந்துவிட்டால் எட்வினால் மறுக்க முடியாது. முதல் சுற்றில் அவனே ஜெயித்தான். கார்டை வாங்கினான், மோந்தான், ஓங்கரித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்தான். “இன்னா மாமு, மல்லன் அட்ச்சிட்டானா?” என்றாள் பவானி. அதற்கப்புறம் அவனுக்கு ஜெயிக்கத் தைரியம் வரவில்லை. எங்களில் யாருக்குமே வரவில்லை. மாட்டேன் என்று எழுந்து போகவும் வெட்கம், ஜெயிக்கவும் பயம். அப்படியொரு கேவலமான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. அவள் எங்கள் ஒவ்வொருவராக உட்காரவைத்து, ஒரு வார்த்தை திட்டாமல், இரண்டே நாளில் பிளாக்கைத் துடைத்து எடுத்தாள். யாரிடமும் ஒரு மல்லன்கூட மிச்சமில்லை.

அந்த வாரக் கடைசியில் அவளை அழைத்துப் போக நைனா வந்தார். அவர் வெளியிலேயே, வெயிலில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பவானி என்னிடம் வந்து, பெரிய கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள். என்னுடைய குண்டன். மூலையில் நான் பேனாவால் போட்ட புள்ளிகூட இருந்தது.

“ஒன்துதான். எட்த்துக்கோ.”

ஒரு வாரம் அவள் டப்பாவில் கிடந்த கார்டு. நான் தலையை ஆட்டினேன், வேண்டாமென்று. கார்டைத் திரும்பக் கட்டில் சொருகிக்கொண்டு, சைக்கிள் கேரியரில் ஏறிப் போய்விட்டாள். அப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. அந்த பிளாக்கை இடித்து வேறு கட்டிவிட்டார்கள்.

பஜ்ஜி போட்ட அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்பே இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். பாவாடை நுனி உட்பட. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவளுக்குப் பயமாகக்கூட இருந்திருக்கும். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் ரொம்ப நேரம் யோசித்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

“அம்மா, கார்டுக்குப் போடற பிளாஸ்டிக் கவர் கெடைக்குது. எல்லாரும் போடுவாங்க. நிவேதாக்கு ஒரு பாக்கெட் கிஃப்ட் பண்ணிடலாமா? கவர் போட்டா நாத்தம் வராது. நானும் நெஜமாவே ஆடலாம். அவளும் ஃபீல் பண்ண மாட்டா.”

மறுநாள் கடைக்குப் போய் அந்தப் பாக்கெட்டை வாங்கிவந்தது நான்தான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நிவேதா படிக்குக் கீழே உட்கார்ந்து தன் கார்டுகளை ஒவ்வொன்றாக உறைக்குள் நுழைத்தாள். கண்ணாடி போன்ற, சுத்தமான உறைகள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்தாள். “தேங்க்ஸ் ஆன்ட்டி” என்றாள் நிவேதா, முகமெல்லாம் பல்லாக. அவள் அம்மா உள்ளேயிருந்து எனக்காக அரைக் கிலோ இறாலை உரித்து எடுத்துவந்தார்.

பவானிக்கு நாங்கள் யாரென்று பதினைந்தாம் நாள் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் எங்களை உட்காரவைத்து ஜெயித்தாள். அப்படித் தெரிந்துகொள்ள இப்போது வழியே இல்லை. நிவேதா எங்களை நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்துவிடுவாள்.