சிவப்புக்கு ஒரு நிமிடம்

என் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு மணிப் பொத்தான் இருக்கிறது. கறுப்புப் பொத்தான். நடுப்பகுதி மட்டும் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளப்பாகிவிட்டது. நான் மின்சார ரயிலில் கார்டு. கடைசிப் பெட்டியின் பின்முனையில் என் அறை. முதல் பெட்டியின் முன்முனையில் மோட்டார்மேன். நடுவில் பன்னிரண்டு பெட்டி ஜனம். பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் அவர் அறையில் மணி அடிக்கும். 'கிளம்பலாம்' என்று பொருள். அவர் பதிலுக்கு இரண்டு அடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இதேதான். இந்த இரண்டு மணியை வைத்துக்கொண்டு ஒருவரோடு பதினொரு வருடம் சிநேகமாக இருக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நான் இருந்திருக்கிறேன்.

அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் கார்டம்மா. வயதில் பதினாறு வருடம் சின்னவளை அம்மா போட்டுக் கூப்பிடுவதில் அவருக்கு ஒரு கிண்டல். தாம்பரத்திலோ கடற்கரையிலோ வண்டி திரும்பும்போது அவர் பின்முனைக்கு நடந்து வருவார், நான் முன்முனைக்கு நடப்பேன். பிளாட்பாரத்தில் ஆறாவது பெட்டிப் பக்கம் சந்திப்போம். அரை நிமிடம் கிடைக்கும். தாம்பரத்தில் அவர் ஆரம்பித்த கதைக்குக் கடற்கரையில்தான் முடிவு தெரியும். அவர் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுத்த கதையை நான் கேட்டு முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. மற்றபடி ஒரே வண்டியில் வேலை பார்த்தும், ஓடும்போது அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

விதியை மீறிச் சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. எங்கள் தடத்தில் சில சிக்னல்களில் சிவப்பு விழுந்தால் நிற்க வேண்டும். பகலில் ஒரு நிமிடம் காத்திருந்து, அப்போதும் மாறாவிட்டால் கார்டோடு மணி மாற்றிக்கொண்டு, ஊர்ந்து போகலாம். அந்த ஒரு நிமிடம் ஜன்னலோரக்காரர்கள் எங்களை வாழ்த்தும் வாழ்த்தை இங்கே எழுத முடியாது. ஐம்பத்தைந்தாவது நொடியில் எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அண்ணா எடுக்க மாட்டார். வாட்சைப் பார்த்து, அறுபது முடிந்த பிறகுதான் அவர் மணி வரும்.

அவர் ஓய்வு பெற்று நான்கு மாதம் கழித்து, ஊரப்பாக்கம் வீட்டிலிருந்து அண்ணி போன் செய்தார். ரிட்டையர்டு டீச்சர், அழும்போதுகூடப் பாடம் எடுக்கிற குரல். "உங்க அண்ணன் நாள் பூரா நாற்காலியில உக்காந்து அந்த இடது கையால கைப்பிடியை அமுக்கிட்டே இருக்காரு. கையை எடுங்கன்னா, 'எடுத்தா வண்டி நின்னுடும்'ங்கிறாரு. எனக்கு பயமா இருக்கும்மா" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது. ரயிலில் அவர் பிடித்திருந்த பிடியை ஓடும் நேரம் முழுவதும் அமுக்கியே வைத்திருக்க வேண்டும். கை தளர்ந்தால் வண்டி தானாக நின்றுவிடும். முப்பத்து மூன்று வருடம் அமுக்கிய கைக்கு இப்போது வேலை இல்லை.

ஒரு கார் வாங்கிக்கொடுத்தால் தேவலை என்று அண்ணி நினைத்தார். மருமகன் ஒரு வெள்ளை நிறச் சின்னக் காரைச் சொன்னார், கியரே போட வேண்டாத ரகம். அண்ணா ஒரே அடியாக மறுத்தார். "கியர் தானே மாறிக்கும்னா, என் கை என்ன பண்ணும்?" என்றார். அதோடு விட்டாரா? பழைய காராக இருந்தாலும் பரவாயில்லை, கையால் கியர் போடுகிற ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டும், அதுவும் இரண்டே இருக்கை உள்ளதாக. அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். "சர்ச்சுக்கு இதுலயா போய் இறங்கறது? பேரப்பிள்ளைங்க எங்க உக்காரும்?" அண்ணா அசரவில்லை. "இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால பன்னிரண்டு பெட்டி. இனிமே பின்னால ஒண்ணுமே இருக்கக் கூடாது. டிரைவர் ஒருத்தர், கார்டு ஒருத்தர். போதும்."

முதலில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். ஊரையே ஏற்றி இறக்கிய மனிதருக்கு ஸ்டீயரிங் என்று ஒன்று பழக்கமே இல்லை. வளைவு வந்தபோது தண்டவாளம் பார்த்துக்கொள்ளும் என்று நேராக உட்கார்ந்திருந்தாராம். சொல்லிக்கொடுத்தவர் எட்டிப் பிடித்துத் திருப்பியிருக்காவிட்டால் ஒரு பெட்டிக்கடை போயிருக்கும். ஆனால் பிரேக்கில் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கோடு போட்ட இடத்தில் கோட்டின்மேல் நிற்கும். இரண்டு மாதத்தில் லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

அடுத்தது நிறம். இது லேசில் தீரவில்லை. அண்ணிக்கு வெள்ளை: வெயில் தாங்கும், தேவாலய வாசலில் கண்ணை உறுத்தாது. அண்ணாவுக்குப் பச்சை. "முப்பத்து மூணு வருஷமா பச்சைக்காகக் காத்திருந்தவன் நான். எனக்குன்னு ஒரு பச்சை இருக்கட்டுமே" என்றார். பச்சையில் கிடைக்காவிட்டால் நீலம் பார்ப்பாராம். மஞ்சள் யோசிக்க வேண்டிய விஷயம். சிவப்பு மட்டும் பேச்சுக்கே இடமில்லை. புடவைக் கடையில் பெண்கள் நிறம் பார்த்து நேரம் கடத்துகிறார்கள் என்று சொல்லும் ஆண்கள் எல்லோரையும் அந்த மாதம் அண்ணாவோடு அனுப்பிவைத்திருக்க வேண்டும். என்னையும் அண்ணி அதில் இழுத்துவிட்டார். "நான் சொன்னா நகர மாட்டாரும்மா. நீ மணி அடிச்சாத்தான் நகருவாரு."

பழைய கார் புரோக்கர் ஒருவர் கேளம்பாக்கத்தில் ஒரு மஞ்சள் வண்டியைக் காட்டினார். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அண்ணா உள்ளே இறங்கி உட்கார்ந்தார், நான் இடது பக்கம். இஞ்சினைக் கிளப்பி, கிளட்சை மிதித்து, கியரைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார். "எடு சார், எடு. இன்னா, கியர் வுழலியா?" என்று புரோக்கர் ஜன்னலில் குனிந்தார். அண்ணா என் பக்கம் திரும்பி, கொஞ்சம் வெட்கத்தோடு, "மணி?" என்றார். நான் டேஷ்போர்டில் விரலால் இரண்டு தட்டினேன். அவர் ஸ்டீயரிங்கில் இரண்டு தட்டினார். வண்டி பூப்போலக் கிளம்பியது.

பதினொரு வருடத்தில் அன்றுதான் அவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். சாலை சிக்னல் தூரத்தில் தெரிந்ததுமே விரலை நீட்டி, "பச்சை" என்று உரக்கச் சொல்கிறார். அது மாறினால் "மஞ்சள்" என்று தாமே தமக்குச் சொல்லிக்கொண்டு வேகத்தைக் குறைக்கிறார். இடையிடையே மெல்லிய குரலில் ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுக்கிறார். இத்தனை காலம் பன்னிரண்டு பெட்டிக்கு அந்தப் பக்கம் இதெல்லாம் நடந்துகொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இதையே வாங்கிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவருக்கு மஞ்சள் பிடிக்கவில்லை. "அடுத்ததுல நிக்கத் தயாரா இருன்னு சொல்ற நிறம்மா இது. ரிட்டையர் ஆனவனுக்கு எதுக்கு அந்த ஞாபகம்?" என்று இறங்கிவிட்டார்.

பச்சை வண்டி சேலையூரில், என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, கேம்ப் ரோட்டுப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் கிடைத்தது. அண்ணா அதைப் பார்த்த பார்வையைப் பார்த்து, முடிந்தது கதை என்று நினைத்தேன். கதவைத் திறந்தபோது, கீல் இருக்கும் இடுக்கில் பச்சைக்கு அடியிலிருந்து நீலம் எட்டிப் பார்த்தது. மூன்றாவது கியர் போட்டால் அம்மியில் கல் அரைத்ததுபோல் ஒரு சத்தம். எங்கோ பலமாக அடிபட்டு, பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். "சும்மா டச்சப் சார், வேற ஒண்ணும் கிடையாது" என்றார் புரோக்கர். அண்ணா அந்தக் கீலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பொய்ப் பச்சையை நம்பிப் போகக் கூடாது கார்டம்மா" என்று சொல்லி நடந்தார்.

அண்ணி கெடு வைத்தார். இன்னும் ஒரே ஒரு வண்டி. அதுவும் அமையாவிட்டால் மருமகன் சொன்ன கியர் இல்லாத வெள்ளைக் கார்தான். அண்ணா தலையை ஆட்டினார். ஆட்டும்போது இடது கை நாற்காலியின் கைப்பிடியை அமுக்கிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.

அந்த ஒரே வண்டி அவர் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு கடை வாசலில் நின்றிருந்தது. ஒரே ஆள் ஓட்டியது, கீறல் இல்லை, கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. எல்லாம் சரி. நிறம் மட்டும் நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு. அண்ணியும் வந்திருந்தார், புரோக்கர் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், பரீட்சை ஹாலில் காவல் நிற்பவர்போலக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணா ஏறினார். இஞ்சின் கிளம்பியது. நான் டேஷ்போர்டில் இரண்டு தட்டினேன். பதில் தட்டு வரவில்லை. மறுபடி தட்டினேன். அவர் கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. "எதிர்ல சிவப்பு நிக்குதும்மா. எப்படி எடுப்பேன்? கால் எழும்ப மாட்டேங்குது" என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முழுவதும் பானெட், வெயிலில் தகதகவென்று சிவப்பு.

வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வண்டி நகராவிட்டால் அந்தக் கை இனி நாற்காலியோடுதான். வேலையில் பேசும் குரலில் சொன்னேன்: "அண்ணா, பகல் நேரம். ஒரு நிமிஷம்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி வாட்சைப் பார்த்தார். நானும் என் வாட்சைப் பார்த்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது; வண்டி அசையவில்லை. புரோக்கருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாம்மா, சார் ஜெபம் பண்ணிக்கினு கீறாரா?" என்று அண்ணியைக் கேட்டார். "ஆமா தம்பி, அப்படித்தான் வெச்சுக்கோ. கொஞ்சம் சும்மா இரு" என்றார் அண்ணி. அவரும் தன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வருடம் மோட்டார்மேனுக்குச் சமைத்துப் போட்டவருக்கு அந்த நிமிடம் தெரியாமலா இருக்கும்? அறுபது முடிந்தது. நான் இரண்டு தட்டினேன். ஸ்டீயரிங்கில் இரண்டு தட்டு, பளிச்சென்று வந்தது. வண்டி ஊர்ந்தது, பிறகு ஓடியது. கூடுவாஞ்சேரி வரை போய்த் திரும்பினோம். மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாறும்போது அந்தக் கையைப் பார்த்தேன். அதற்கு வேலை கிடைத்துவிட்டது.

திரும்பி வந்து, இடது கதவு சரியாக அண்ணியின் நாற்காலிக்கு நேராக இருக்கும்படி நிறுத்தினார். "இவ்வளவு நாள் சிவப்பு என்னை நிறுத்திச்சு. இனிமே நான் அதை ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். அண்ணி எழுந்து, "கார்டம்மா, கொஞ்சம் இறங்கு. என் சீட்டு அது" என்றார். இறங்கினேன். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

இப்போதும் அண்ணா ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் காத்திருந்துதான் வண்டியை எடுக்கிறார். இஞ்சின் சூடேற வைக்கிறார் என்று தெருவில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் காலையில் தாம்பரம் தாண்டியும் ஓடும் வண்டியில் எனக்கு டூட்டி; ஊரப்பாக்கத்துக்கு முன்னால் எங்கள் ரயிலுக்குச் சிவப்பு விழுந்தது. முன்முனையில் புதிதாக வந்த இளம் மோட்டார்மேன், அவரும் நின்றார். ஜன்னலோரக்காரர்கள் வாழ்த்த ஆரம்பித்தார்கள். நான் வெளியே பார்த்தேன். தண்டவாளத்தை ஒட்டிய சாலையோரம், ஒரு பழக்கடை வாசலில் அந்தச் சிவப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது. இடது ஜன்னலில் அண்ணியின் கை. மடியில் ஒரு தர்பூசணி இருந்திருக்க வேண்டும், பின்னால் வைக்கத்தான் இடமில்லையே. கொஞ்ச நேரம் அவர்களும் அசையவில்லை, நாங்களும் அசையவில்லை. பிறகு அந்தக் கை, வளையலோடு, கதவின் வெளிப்பக்கத்தில் இரண்டு முறை தட்டியது. வண்டி கிளம்பிப் போயிற்று. என் வாட்சைப் பார்த்தேன். எங்கள் நிமிடமும் முடிந்திருந்தது. தேய்ந்த பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன்.