கையெழுத்து இல்லாத திங்கட்கிழமை

சித்தையனுக்கு விடுதலையாகி ஆறு வருஷம். கண்ணால் பார்த்திராத ஒரு கொலையில் பெயர் சேர்ந்து, ஜாமீனில் வந்த நாளிலிருந்து அவனுக்கு இரண்டே கட்டளைகள்: திங்கள்தோறும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து, மைசூரு எல்லையைத் தாண்டக் கூடாது. ஒன்பது வருஷம் கழித்துக் குற்றவாளி இல்லை என்றது கோர்ட். அதன் பிறகும் திங்கட்கிழமை பத்து மணியானால், மண்டி மொஹல்லா சந்தையில் தூக்கிய வெங்காய மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு, ஸ்டேஷனுக்கு எதிர்ச்சாரியில் போய்க் கொஞ்ச நேரம் நின்று வருவான். எல்லையைத் தாண்டியதே இல்லை. சொந்த ஊரான கோபிநத்தத்தில் அம்மா செத்தபோதும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டான்.

இப்போது தங்கை உமாதேவி போன் செய்தாள்.

“அண்ணா, வர்ற திங்கக்கெழம மாதேஸ்வரன் மலையில மனிஷாவுக்குக் காது குத்தறோம். வேற யாரையாச்சும் உக்கார வெக்கலாங்கறாங்க. மாமன் நீ இருக்கறப்ப இன்னொருத்தன் மடி எதுக்கு?”

“வர்றேன் கண்ணு.”

“அம்மாவுக்கும் இப்படித்தான் சொன்ன.”

அன்று மதியமே ஸ்டேஷனுக்குள் போனான். ஏட்டு பசவராஜ் தன் கன்னடத் தமிழில் கேட்டார்.

“ஏனப்பா, ரோட்டுல நின்னது போதாதுன்னு உள்ளயே வந்துட்டியா?”

“ஊருக்குப் போகோணுங்க. போகலாம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க.”

“உன்னை யாரு புடிச்சு வெச்சிருக்காங்க?”

“யாரும் இல்லீங்க. அதத்தான் எழுதிக் கேக்கறேன்.”

பசவராஜ் சிரித்தார். “புடிக்கறதுக்குத்தான் இங்க காகிதம் இருக்கு. போறதுக்கு இல்ல. போ.”

திங்களன்று விடிந்ததும் பஸ் ஏறினான். மைசூரு எல்லையான ரிங் ரோடு நெருங்கியபோது முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். பஸ் வேகம்கூடக் குறையாமல் தாண்டியது. அங்கே ஆளே இல்லை. யாராவது நிறுத்தியிருந்தால் இறங்கித் திரும்பியிருக்கலாம். கொள்ளேகால் வரை ஜீப் ஏதும் வருகிறதா என்று பின்னால் பார்த்தபடியே இருந்தான்.

மலையில் மனிஷா அவன் மடியில் உட்கார்ந்தபோது மணி பத்து. ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை வீறிட்டது. சித்தையனின் வலது கைவிரல்கள் பேனா பிடிக்கும் வாக்கில் மடங்கிக்கொண்டன.

உமாதேவி போனைத் தூக்கினாள். “அண்ணா, இங்க பாரு.”

அவன் குழந்தையின் மொட்டைத் தலைக்குப் பின்னால் குனிந்துகொண்டான். “போட்டோ வேண்டாம் கண்ணு. தேதி விழுந்துரும்.”

“விழுந்தா என்ன? காது குத்தின தேதிதான?”

“நான் இங்க இருந்த தேதியும்தான.”

அவள் எடுத்துவிட்டாள். படத்தில் அழுகிற குழந்தை இருக்கிறது. மடி இருக்கிறது, அணைத்த இரண்டு கைகள் இருக்கின்றன. முகம் இல்லை.