வேப்பூர் ரோட்டில் ஒரு பிஸ்டன்

கோயிலில் எங்கள் ஓலை இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சாமியார் சபைக்கு முன்னால் வாசிப்பது எங்கள் வழக்கம். மூன்றாவது ஞாயிறு வேறு இரண்டு ஜோடிகளின் பெயர் வந்தது. எங்கள் பெயர் வரவில்லை. பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு முழங்காலிட்டிருந்த என்னை, முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த முகங்களில் ஒன்றைக்கூட நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவனை எப்படி மன்னிப்பேன்?

அவன் பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்தவரின் ஒரே மகன். மதராஸில் படித்தவன். எங்கள் அப்பாவுக்கு விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறை இருந்தது. ஊறுகாய் ஜாடி, கப், சாஸர் செய்தோம். சூளை எண்ணெயில் எரியும். எண்ணெயோடு காற்றையும் ஊதித் தள்ள ஒரு புளோயர் உண்டு. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அந்தப் புளோயரும் பர்னரும் என் பொறுப்பு. தீ மஞ்சளாகப் புகைந்தால் காற்று குறைவு என்று கண்ணாலேயே தெரிந்துகொள்வேன். சூளைக்குப் பிறகு எங்கள் பழைய காரையும் நானே கழற்றி மாட்டப் பழகினேன்.

முதல் ஓலை வாசித்த வாரம் அவன் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்கள் கார் மாடலேதான் அவன் காரும். ஆனால் பானெட்டைத் திறந்தால் உள்ளே பெல்ட்டில் ஓடும் ஒரு சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருந்தது. மதராஸில் யாரிடமோ வாங்கிப் பொருத்தினானாம்.

"சாதா எஞ்சின் தானா மூச்சு இழுக்கும். இது காத்தப் புடிச்சி உள்ள அமுக்கும். காத்து ஏறினா பெட்ரோலு ஏறும், பெட்ரோலு ஏறினா பவர் ஏறும்" என்றான்.

அதுவரை சரி. சூளைக்கும் அதே கணக்குதான்.

"பெல்ட்டு ஓடுற சக்கரம், அந்தப் புல்லிய இன்னும் சின்னதா மாத்திட்டேன். இன்னும் வேகமாச் சுத்துது. நாப்பது குதிரை சக்தி இருந்தது இப்ப அறுபதத் தாண்டியிருக்கும்."

"ஸ்பார்க் டைமிங்க, அதான் பொறி வுழற நேரத்த, பின்னால தள்ளி வச்சீங்களா?"

"அது எதுக்கு?"

நான் ஸ்பேனரை எடுத்து ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். பிளக்கின் மூக்கில் இருக்கும் பீங்கான் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலமாக எரிகிறது என்று பொருள். அவனுடைய பிளக் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மேலே பொடிப்பொடியாக உலோகத் துளிகள் ஒட்டியிருந்தன. அவை பிஸ்டனின் தலையிலிருந்து வந்தவை.

"பிஸ்டன் உருக ஆரம்பிச்சிருக்குதுங்க. பழைய புல்லியவே போடுங்க. இல்லன்னா கம்ப்ரஷனக் கொறச்சி, கார்புரேட்டர்ல பெட்ரோலு வர்ற ஜெட்டப் பெரிசாப் போட்டு, டைமிங்கப் பின்னால வைங்க. நமக்குக் கெடைக்கிற பெட்ரோலு இந்த அழுத்தத்தத் தாங்காது."

அவன் சிரித்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை. கரி படிந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் தரகர் வந்து சொன்னார்: "கையில கிரீஸோட நிக்கிற பொண்ணு குடும்பத்துக்கு ஆவாதுன்னு சொல்றாங்க." திட்டக்குடிப் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்தவரின் பெண்ணை அவனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள் என்று அந்த வாரமே ஊருக்குத் தெரிந்தது.

"போனாப் போவுது, வுடும்மா" என்றார் அப்பா. நான் விடவில்லை, அழவும் இல்லை. எங்கள் காரின் எஞ்சின் தலையைக் கழற்றினேன். கரியைச் சுரண்டினேன். ஒவ்வொரு வால்வையும் பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் காற்று கசியாமல் உட்கார வைத்தேன். ஜெட்டை மாற்றுவேன், ஓட்டிப் பார்ப்பேன், பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பேன், மறுபடி மாற்றுவேன். புதிதாக அதிகக் குதிரைகள் சேரவில்லை. ஆனால் இருந்த குதிரைகளில் ஒன்றுகூட வீணாகவில்லை. துக்கத்தை மறக்க ஏதோ செய்கிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

கோடையில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, அவன் வருங்கால மாமனாரைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். "வீட்டுல காப்பி குடிச்சிட்டு, வேப்பூர் வரைக்கும் போயி சாப்புட்டு வரலாம் மாமா. வண்டி எப்புடிப் பறக்குதுன்னு பாருங்க" என்றது என் காதில் விழுந்தது. வீட்டுக்குப் போனதும் அப்பாவை எங்கள் காரில் உட்கார வைத்து, சாம்பிள் கப் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். வேப்பூரில் சாப்பிட நிற்கும் திருச்சி லாரியில் அதை ஏற்றிவிட வேண்டும் என்றேன்.

ஊரைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. சூப்பர்சார்ஜர் ஊளையிட, அவன் எங்களைக் கடந்து கையை ஆட்டிவிட்டுப் போனான். நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அவன் எஞ்சினில் உண்மையிலேயே குதிரைகள் அதிகம். என்னால் அவனை முந்த முடியாது. முந்த வேண்டிய அவசியமும் இல்லை. அவன் கண்ணாடியில் நான் தெரிந்தால் போதும். அவன் சற்றுத் தளர்ந்தால் என் பானெட்டைப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டுவேன். அவன் மறுபடி மிதிப்பான். மாமனார் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் அவனை முந்துவதா?

"என்னம்மா பண்ற?" என்றார் அப்பா.

"லாரி போயிடும்பா."

தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவதுபோல அவன் எஞ்சின் இடிக்க ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. அந்த நேரம் நான் பின்வாங்கியிருந்தால் அவன் காலை எடுத்திருப்பான். நான் பின்வாங்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து நீலப் புகை. கார் தள்ளாடி ரோட்டோரம் நின்றது.

நான் கடந்துபோய் நிறுத்தி, ரிவர்ஸில் வந்தேன். பானெட்டைத் திறந்து நின்ற அவன் சட்டை முழுக்க எண்ணெய்.

"எல்லாம் உன்னாலதான்!"

"நான் என்னங்க பண்ணேன்? பின்னாலதான வந்தேன். பிஸ்டன்ல ஓட்ட வுழுந்திருக்கும், பாருங்க." பிறகு பெரியவரிடம் திரும்பினேன். "வெயில்ல நிக்காதீங்க ஐயா, வந்து ஏறுங்க. வண்டியில ஒருத்தருக்குத்தான் எடம் இருக்குது."

அப்பா காலியாகக் கிடந்த பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

நான் யார் என்று வழியில் பெரியவர் கேட்டார். சொன்னேன். ஓலை வாசித்ததையும் நின்றதையும் சொன்னேன். வேப்பூரில் இறங்கும்போது, "எனக்கு இது தெரியாதும்மா. இப்ப நிறுத்துனா எம் பொண்ணுக்குத்தான் கெட்ட பேரு" என்றார். தன் பெண்ணுக்காக அவர் யோசித்தார். எனக்காக அந்தக் கோயிலில் யாரும் அப்படி யோசிக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. போக வேண்டாமென்று அப்பா தடுத்தும் நான் போனேன், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. பந்தியில் என்னைக் கண்டதும் பெரியவர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். "மாப்ள, அன்னிக்கு நடுரோட்டுலேருந்து என்னை ஏத்திக்கிட்டுப் போன பொண்ணு. நீங்களே பாயசம் ஊத்துங்க."

அவன் குனிந்து ஊற்றினான். பக்கத்து இலைகளுக்கும் கேட்கும்படி நான் கேட்டேன்:

"இப்ப காரு எப்புடி ஓடுதுங்க?"

"வித்தாச்சு."

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன். அவன் ஊற்றினான். ருசித்துச் சாப்பிட்டேன்.