இன்னும் ஒரு கோட்டு

போன வாரம் தானே பூசிய பெயிண்டை ஹபீப் முஹம்மது தேய்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார். உப்புத்தாளை வாளித் தண்ணீரில் நனைத்து, படகின் மூக்கிலிருந்து ஆரம்பித்து வட்ட வட்டமாகத் தேய்க்கிறார். பாதியில் விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் ஒரு போல்ட்டைத் தட்டிப் பார்க்கிறார். திரும்பி வருகிற வழியில் ஒரு கயிற்றின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போடுகிறார். "இன்னும் ஒரே ஒரு கோட்டு சார். அத்த அடிச்சிட்டா வேலை முடிஞ்சுது" என்கிறார் என்னிடம். இதையேதான் ஆடி மாதத்திலும் சொன்னார். இப்போது பொங்கல் கழிந்துவிட்டது.

பக்கத்து உப்பளத்தில் பாத்தி மிதிக்க வரும் அஞ்சம்மாளின் வாய்க்கு இவர்தான் அவல். "பொண்ணுக்குப் பவுடர் பூசியே பொழுது போவுதே பாய், மாப்ள ஊட்டுக்கு எப்பதான் அனுப்புவ?" என்று வரப்பிலிருந்து கேட்பாள். அவர் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பார்.

இது மீன்பிடிப் படகு இல்லை. எஞ்சின் கிடையாது; இரண்டு பாய்த்துணி ஏற்றிக் காற்றில் மட்டும் ஓடுகிற இருபத்திரண்டடி வெள்ளைப் படகு. மரக்காணத்தின் உப்பங்கழியான கழுவெளி கடலோடு சேருமிடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, சவுக்குத் தோப்பு ஓரமாக, லாரிச் சக்கரம் பூட்டிய ஒரு வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறது. ஹபீப் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். ஷார்ஜாவில் பணக்காரர்களின் இந்த மாதிரிப் படகுகளைக் கழுவிப் பழுது பார்த்து, பந்தய நாளில் ஆள் குறைந்தால் ஏறிக் கயிறும் பிடித்தவர். கூடப் போனவர்கள் ஊரில் மாடி கட்டினார்கள். இவர், புதுச்சேரியில் பாய்மரம் ஒடிந்து கிடந்த இந்தப் படகை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அங்கே அலை அதிகம், இங்கே தண்ணீர் அடங்கிக் கிடக்கும் என்று நினைத்தார்.

உப்பை மறந்துவிட்டார். இங்கே காற்றுக்கும் பசி உண்டு. துருவே பிடிக்காது என்று சொல்லி விற்ற கொக்கிகள் பழுப்பேறுகின்றன. கப்பிகள் கிறீச்சிடுகின்றன. கயிறுகள் விறைத்து, கையை அறுக்கின்றன. அடிபம்பிலிருந்து குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து இவர் எல்லாவற்றையும் கழுவுகிறார், கிரீஸ் தடவுகிறார், மறுநாள் காற்று மறுபடி உப்பைத் தூவிவிட்டுப் போகிறது. கடலில் ஓடுகிற படகுகூட இவ்வளவு கெடாது என்று அவரே ஒரு நாள் சொன்னார். அப்படியென்றால் கடலில் விட்டுவிட வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். உடனே அவருக்கு ஸ்பேனர் எங்கே வைத்தோம் என்று ஞாபகம் வந்து தேடப் போய்விட்டார்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீக்கடையில் நின்றபடி குடிப்பார். காற்று திசை மாறினால் கிளாஸோடு அவரும் நகர்ந்து நிற்பார். ஈ.சி.ஆரில் ஓடும் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் படிக்கட்டுப் பக்கம்தான். பேசும்போது விரல்கள் பாட்டுக்கு லுங்கி ஓரத்தை முறுக்கி முடிச்சாக்கிக்கொண்டிருக்கும். அவரோடு அரை மணி நேரம் இருந்தால் நமக்கே கால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

படகில் கூட்டாளி ஒருவர் உண்டு. சடையப்பன், மரக்காணத்து மீனவர், இவரைவிடப் பத்து வயது இளையவர். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு பந்தயம் நடக்கிறது. ஒரு படகுக்கு இரண்டே பேர்தான் ஏறலாம். அதற்காகவே இந்தப் படகை ஹபீப் பாய் மாற்றி அமைத்திருக்கிறார். பாய்மரத்தடியில் இருந்த கயிறுகளையெல்லாம் பின்னால் இழுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் கட்டியாயிற்று. ஒருவர் கண்ணயர்ந்தால் மற்றவர் தனியாகச் சமாளிக்க, சுக்கானை இழுத்துப் பிடிக்கப் பழைய சைக்கிள் டியூப். இரண்டு பேரே இருப்பதால் ஒரு சட்டமும் வைத்திருக்கிறார். படகைத் திருப்புமுன் சுக்கான் பிடிப்பவர் "ரெடியா?" என்று கேட்க வேண்டும். கயிறு பிடிப்பவர் "ரெடி" என்று சொல்லிக் கயிற்றை விட வேண்டும். அவர் விடாமல் இவர் மட்டும் திருப்பினால் படகு குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றுவிடும். இதைத் தரையில் நிற்கும் படகிலேயே இருவரும் பழகுவார்கள். "ரெடியா?" "ரெடி." கயிறு ஓடும், பாய்த்துணி படபடக்கும், படகு வண்டிமேல் சிவனே என்று இருக்கும். அஞ்சம்மாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

சடையப்பனுக்கு மட்டும் சிரிப்பு வராது. தை பிறந்ததும் அவர் ஒரு நாள் என் முன்னாலேயே சொல்லிவிட்டார். "மாசியில பந்தயம். இந்தத் தடவையும் படகு எறங்கலன்னா நான் கொச்சிக்குப் போறேன் பாய். அங்க லாஞ்சுல கூப்ட்டிருக்காங்க. திரும்பி வரமாட்டேன்." சடையப்பன் போய்விட்டால் இந்தக் கடற்கரையில் பாய்த்துணி தெரிந்த இன்னொரு ஆள் கிடையாது. அது பாய்க்குத் தெரியும். தலையை ஆட்டினார். அன்று சாயங்காலமே ஒரு டின் புதுப் பெயிண்ட் வாங்கி வந்தார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு வேலை தெரிந்த மனிதர் ஏன் இப்படிச் சாக்குப்போக்குச் சொல்கிறார் என்று புரியவில்லை. புரிய வைத்தது அவர் மனைவி உம்மு சல்மா. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பாய் நின்றபடியே பிரியாணியில் பாதி தின்று கை கழுவி, காற்றுப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். அந்த அம்மாள் கதவோரம் நின்று, மாடிப்படிமேல் ஒரு கண் வைத்துக்கொண்டே சொன்னார்.

போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, பாயும் சடையப்பனும் விடிகாலையிலேயே கடலில் இருந்திருக்கிறார்கள். பந்தயத்துக்குப் பயிற்சி. அன்று வானூரில் சடையப்பனின் மச்சான் வீட்டில் விசேஷம். வீட்டில் மனைவி ராசம்மாள் கிளம்பி நிற்பாள், கரைக்குப் போகலாம் பாய் என்று சடையப்பன் சொல்லியிருக்கிறார். காற்று அருமையாக இருந்தது. இவர் இன்னும் ஒரு ரவுண்டு என்றிருக்கிறார். படகைத் திருப்பி மறுபடி வெளியே போனார்கள். கொஞ்ச நேரத்தில் படகு மெதுவாக ஒரு தரம் மேலே எழும்பி மெதுவாகவே இறங்கியது. அவ்வளவுதான். தூரத்தில் ஏதோ பெரிய கப்பல் போகிறது என்று சொல்லி இவர் சிரித்தாராம்.

திரும்பி வந்தபோது முகத்துவாரம் முழுக்க வேரோடு சாய்ந்த சவுக்கு மரமும் கூரைக் கீற்றும் வலையும் மிதந்துகொண்டிருந்தன. புருஷனை அவசரப்படுத்திக் கூட்டிப்போகலாம் என்று, கட்டின பட்டுப்புடவையோடு ராசம்மாள் கரைக்கே வந்து நின்றிருக்கிறாள். இவர்கள் அந்த ஒரு ரவுண்டு போகாமல் இருந்திருந்தால் சடையப்பனும் அவளும் வானூர் பஸ்ஸில் இருந்திருப்பார்கள்.

"இவங்க முன்னாடியும் துறுதுறுன்னுதான் இருப்பாங்க. ஆனா அது வேற" என்றார் உம்மு சல்மா. "அன்னிக்குக் கரையேத்துன படகுங்க. பெயிண்டு அடிக்கறதெல்லாம் சும்மா. சடையப்பன்கிட்ட வாய விட்டு ஒரு வார்த்தை பேசிடுங்கன்னு எத்தினியோ தடவை சொல்லிட்டேன். பேச மாட்டேங்கறாங்க." மாடியில் அவர் நடக்கிற சத்தம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை, கடல் தண்ணீர் கழுவெளிக்குள் ஏறுகிற நேரம் பார்த்து, சடையப்பன் வலை இழுக்கும் ஆட்கள் நாலு பேரோடு வந்தார். பாயைக் கேட்கவில்லை. வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுக்கச் சொன்னார். பாய்க்கு வியர்த்துவிட்டது. படகைச் சுற்றி இரண்டு முறை ஓடி வந்தார். பின்னால் ஒரு போல்ட்டைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது, ஒரு கோட்டு அடித்துக் காயவைத்துவிட்டு நாளைக்கு இறக்கலாம் என்றார். சொல்லும்போதே டின்னின் மூடியை நெம்ப ஆரம்பித்திருந்தார்.

சடையப்பன் ஆட்களைப் பீடி குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினார். பிறகு பாயின் கையிலிருந்து டின்னை வாங்கி மணலில் வைத்தார்.

"அன்னிக்கு நீங்க ரெடியான்னு கேட்டீங்க பாய். நான்தான் ரெடின்னு சொன்னேன். கயிறு என் கையிலதான் இருந்துச்சு. நான் வுடலன்னா படகு திரும்பியிருக்காது."

பாய் மணலைப் பார்த்துக்கொண்டே, "நான் கேக்காம இருந்திருக்கலாமேப்பா" என்றார்.

"கேட்டீங்க. நானும் சொல்லிட்டேன். ஒரு வருஷமா இத்த நீங்க ஒருத்தரே தூக்கிக்கினு திரியறீங்க. எனக்கு அது புடிக்கல." சடையப்பனின் குரல் அங்கே கொஞ்சம் உயர்ந்தது. "அவ என் பொண்டாட்டி பாய்."

ஆறுதல் சொல்கிற குரல் இல்லை அது; கோபப்படுகிற குரல். ஆனால் அதைக் கேட்டபின் பாய் டின்னைத் தேடவில்லை. ஆட்கள் திரும்பி வந்தார்கள். வரப்பிலிருந்து அஞ்சம்மாளும் இறங்கி வந்து, வாயைத் திறக்காமல், படகின் பக்கவாட்டில் தோள் கொடுத்துத் தள்ளினாள். சக்கரம் சேற்றில் இறங்கியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மிதந்தது.

என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பந்தயத்துக்குத்தான் இரண்டு பேர் சட்டம், இன்றைக்கு ஒரு மணல் மூட்டை இருந்தால் நல்லது என்றார் சடையப்பன். மூட்டை சொன்னபடி கேட்டது. இந்தப் பக்கம் நகரு என்றால் நகர்ந்தது, தலையைக் குனி என்றால் குனிந்தது. முகத்துவாரத்தில் ஆழம் இல்லாததால் படகுக்குக் கீழே நீட்டியிருக்கும் அடித்தகட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினோம். கடலுக்குள் வந்ததும் அதை இறக்கி, இரண்டு பாய்த்துணியையும் ஏற்றினார்கள். வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. படகு சாய்ந்து ஓடிய ஓட்டத்தில் காலையில் தின்ற இட்லி எனக்குத் தொண்டைக்கு வந்துவிட்டது.

ஹபீப் பாய் சுக்கானில் இருந்தார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஆனால் அதுவும் உட்காருவதாக இல்லை. நுனியில் தொற்றிக்கொண்டு, பாய்த்துணியை ஒரு தரம் பார்த்தால் கரையை மூன்று தரம் பார்த்தார். கட்டை விரல் சுக்கானைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "ரெடியா?" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் மெதுவாகக் கேட்டார். சடையப்பன் பளிச்சென்று "ரெடி" என்றார். படகு தப்பில்லாமல் திரும்பியது. அந்தப் போல்ட்டுப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை. சடையப்பன் அதைக் குனிந்து பார்த்தார்.

ஒரு சுற்று முடிந்தது. படகின் மூக்கை முகத்துவாரத்துக்கு நேராக வைத்தார் பாய். உப்பளங்கள் தெரிந்தன, சவுக்குத் தோப்பு தெரிந்தது, கரையில் வெயிலுக்குக் கையைக் குடை பிடித்து நிற்கும் அஞ்சம்மாள் சின்னதாகத் தெரிந்தாள். பாயின் முகத்தில் அப்பாடா என்ற நிம்மதி வந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஒரு ரவுண்டு போலாம் பாய்" என்றார் சடையப்பன்.

பாயின் கட்டை விரல் தேய்ப்பதை நிறுத்தியது. நான் அலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். சடையப்பன் கயிற்றை விடாமலே பின்னால் நகர்ந்து வந்து, மற்றக் கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை அவரிடம் நீட்டினார். இடம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கே புரிந்தது. ஹபீப் முஹம்மது முழங்காலால் ஊர்ந்து முன்னால் போனார். கயிற்றை வாங்கி உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ரெடியா பாய்?"

அவர் கரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. சடையப்பன் மறுபடி கேட்கவில்லை, சுக்கானை அசைக்கவும் இல்லை. காத்திருந்தார். படகு கரையை நோக்கியே ஓடிக்கொண்டிருந்தது.

பாய் கரையிலிருந்து கண்ணை எடுத்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று உள்ளங்கையிலிருந்து அவிழ்த்து, கயிற்றை விட்டார்.