மூன்று பிளஸ்

என் நாட்குறிப்பில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு எதிரே, "எருத்தேன்பதி பஸ், சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டு" என்று மட்டும் இருக்கிறது. பாலக்காடு போகும் அந்த பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த ஒல்லியான பெண், மடியில் உறங்கிய மகளின் உப்பிய கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினாள்.

"அங்கன்வாடில இவளுக்குப் புரோட்டீன் பத்தலைன்னாங்க. தெனமும் முட்டை குடுத்தனுங்க. இப்பப் பாருங்க, சீட்டுல புரோட்டீன் மூணு பிளஸ்ஸு! கன்னத்துலயும் சதை வெச்சிருச்சு."

சிறுநீரில் அவ்வளவு புரதம் போனால் சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம், அந்தக் கன்னம் வீக்கம் என்று சொன்னேன்.

அவள் கை நின்றது. "ஏனுங்க, சீட்டு வந்து பத்து நாளாச்சுங்களே. நல்ல சேதின்னு எங்கம்மாகிட்டக் காட்டத்தானுங்க போறேன்."

பாலக்காட்டில் பஸ் நின்றதும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினாள். அந்தச் சிறுமி பிழைத்தாளா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.