துண்டை எடு என்றேன்

நான் அவரை அடித்தேன். பயிற்சியில் கை தவறிவிட்டது என்று பல மாதங்களாகச் சொல்லி வந்தேன். கை தவறவில்லை.

எங்கள் ஊர் திருவாரூருக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதி. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றபின் ஊருக்குத் திரும்பி, ஓட்டம் நின்றுபோன எங்கள் நெல் மில்லை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். போன மாசியில், சம்பா அறுப்பு முடிந்த கையோடு, இருபது இளைஞர்கள் வந்து மில்லின் சிமெண்டுக் களத்தைக் கேட்டார்கள். ஊருக்கு மேற்கே வயலில் எரிவாயுக் கிணறு தோண்ட ஒரு கம்பெனியின் வண்டிகள் வரப்போகின்றன, அவற்றின் முன்னால் உட்கார்ந்து மறிக்கப் போகிறோம், போலீஸ் அடிக்கும், அடி விழும்போது கை ஓங்காமல் இருக்கப் பழக வேண்டும் என்றார்கள்.

அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் சட்டம் படிக்கும் ஒரு பெண். "மழை வரவேண்டிய மாசத்துல வரமாட்டேங்குது, அறுக்கிற நேரத்துல கொட்டுது. வாய்க்கால்ல உப்புத் தண்ணி ஏறுது. இதுக்கு மேலயும் தோண்டி எடுத்து எரிக்கணுமா சார்?" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. களத்தைக் கொடுத்தேன். போலீஸாக நடிக்க ஆள் வேண்டும் என்றதும், எழுபத்து மூன்று வயதில், நானே வருகிறேன் என்றேன்.

முதல் நாட்கள் விளையாட்டாகவே போயின. முழங்கைகளைக் கோத்துக்கொண்டு நான்கு வரிசையாக உட்காருவார்கள். நானும் இன்னும் மூவரும் சுருட்டிய செய்தித்தாளால் அடிப்போம், திட்டுவோம், காலைப் பிடித்து இழுப்போம். "சார், மீசை மட்டும் வச்சுக்குங்க, இன்ஸ்பெக்டரேதான்" என்று ஒருவன் கத்துவான். "தொப்பையும் வேணும்டா" என்பான் இன்னொருவன். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தது. "சிரிச்சா எப்படி? அங்க பல்லு போகும். இங்கயே பயந்து பாத்துக்கணும்." தாளுக்குப் பதில் வாழை மட்டை வந்தது. சத்தம் பலமாக இருக்கும், வலி குறைவு. சிரிப்பு நின்றது.

தாங்க முடியாதவர் நிறுத்தச் சொல்ல ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. எல்லோர் தோளிலும் பச்சைத் துண்டு கிடந்தது. "கூச்சல்ல வார்த்தை காதுல விழாது. முழங்கை கோத்திருந்தாலும் விரல் தோளுக்கு எட்டும். துண்டைத் தோள்லேருந்து எடுத்துக் கீழ வச்சிட்டா போதும், நிறுத்திடறோம்" என்று யோசனை சொன்னவன் நான்தான்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் ஆட்டவில்லை. கீழத்தெரு இளைஞர், கப்பல் படிப்பு முடித்தவர். வேலை கிடைத்தாயிற்று. அடுத்த மாதம் உடல் தகுதிச் சோதனை, அது முடிந்தால் கடலுக்குப் போய்விடுவார். அந்தத் தெருவிலிருந்து கப்பலுக்குப் போகிற முதல் ஆள்.

"வேற ஏதாவது வைக்கலாமே" என்றார்.

"ஏன்டா, உன் துண்டுல மட்டும் ஜரிகையா?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் களத்தில் இருந்தவர்களில் எனக்கும் அவருக்கும் மட்டும் புரிந்தது. மில் கட்டுவதற்கு முன் அதே இடம் எங்கள் நெற்களம். அவருடைய தாத்தா எங்கள் பண்ணையாள். எங்கள் முன்னால் வந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒருநாள் மழையில் நனைந்து ஓடி வந்தவர் அதை மறந்துவிட்டார். என் அப்பா அவரைக் களத்து நடுவில் நிறுத்திப் புளிய விளாரால் அடித்தார். முதுகில் தோல் உரிந்து நெல்லில் ரத்தம் சொட்டியது. பிறகு விளாரை என்னிடம் நீட்டி, "நீ ஒண்ணு போடு" என்றார். எனக்குப் பதினைந்து வயது. போட்டேன். அது அப்பாவுக்குப் பயந்து போட்ட அடி என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் தெரிந்தும் நான் அடையாளத்தை மாற்றவில்லை. "எல்லாருக்கும் ஒரே விதிதான் தம்பி" என்றேன்.

மறுநாள் காலை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேகமாகத் தொடங்கினோம். அவர் முதல் வரிசையில் நடுவில் இருந்தார். என் மட்டை நாலு அடியிலேயே கிழிந்தது. சுவரில் சாய்த்திருந்த என் கைத்தடியை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. சார் மெதுவாகத்தான் அடிப்பார் என்று நினைத்திருப்பார்கள்.

தோளில் ஒன்று. தொடையில் ஒன்று. "எழுந்திருடா" என்றேன். அவர் என் கண்ணையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. முதுகில் அடித்தேன், மறுபடி அதே இடத்தில் அடித்தேன். "துண்டை எடுடா" என்றேன். அந்தக் குரல் போலீஸ்காரனுடையதல்ல. எங்கள் வீட்டுக் குரல். அவர் உதட்டைக் கடித்திருந்தார், உதட்டிலிருந்து ரத்தம் வந்தது. துண்டு தோளிலேயே இருந்தது. "எடுக்க மாட்டே? என் களத்துல உக்காந்துக்கிட்டு எடுக்க மாட்டே?" தடியைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடிப் பக்கத்தால் இடது காதின் மேல் ஓங்கி அடித்தேன்.

அடிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கவில்லை, முழங்கால் வலிக்கவில்லை. உடம்பு லேசாக இருந்தது. இதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிப் பச்சைத் துண்டில் ஊறியது. தலை தொங்கிவிட்டது. ஆனாலும் அவர் விழவில்லை. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அழுதுகொண்டே முழங்கைப் பிடியை விடாமல் இருந்தார்கள். என்ன நடந்தாலும் விடக்கூடாது என்று கற்றிருந்தார்கள். அந்தப் பிடி இல்லாமல் இருந்தால் அவர் கையை உயர்த்திக் காதையாவது மறைத்திருப்பார். பயிற்சிப் பெண் ஓடிவந்து என்னை இரண்டு கையாலும் தள்ளினாள். தடி சிமெண்டில் விழுந்து உருண்டது.

திருவாரூர் மருத்துவமனையில் டாக்டர் கேட்டார். "எப்படி ஆச்சு?"

"மில்லுல படியில விழுந்துட்டேன்" என்றார் அவர்.

"படி காதுக்குள்ள வந்து அடிச்சுதா?"

உண்மையைச் சொன்னால் போலீஸ் வழக்காகும், வண்டிகள் வருவதற்குள் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். கூட்டத்துக்காக அவர் பொய் சொன்னார். பயிற்சிப் பெண் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்கலாம். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செவிப்பறை கிழிந்து, உள்ளேயும் சேதம். அடுத்த மாதச் சோதனையில் இடது காது கேட்கவில்லை என்று கப்பல் வேலை போய்விட்டது.

வண்டிகள் வந்த அன்று அவர்கள் என் களத்திலிருந்து புறப்படவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போனில் வீடியோ காட்டினார். தடிகள் இறங்கின, சட்டைகள் கிழிந்தன, ஒரு பெண்ணை முடியைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர்கூடக் கை ஓங்கவில்லை. முதல் வரிசை நடுவில் அவர் இருந்தார், தோளில் துண்டோடு.

ஆவணியில்தான் அவர் வீட்டுக்குப் போனேன். கீழத்தெருவுக்குள் நான் கால் வைத்தது அதுவே முதல் தடவை. பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

"தம்பி, மன்னிச்சிடுங்க. அன்னிக்குச் சூழ்நிலை..."

"எந்தச் சூழ்நிலை சார்?"

அவர் எனக்கு எதிரே திண்ணையில் உட்கார்ந்தார்.

"எங்க தாத்தா சாகிற வரைக்கும் உங்க களத்துப் பக்கம் போகமாட்டாரு. சுத்திக்கிட்டுதான் போவாரு. ஏன்னு எங்கிட்டதான் சொன்னாரு. கடைசி அடி யாரு போட்டதுன்னும் சொன்னாரு."

"தெரிஞ்சுமா என் களத்துக்கு வந்தீங்க?"

"வேற இடம் கிடைக்கல சார்" என்றார். "மாறியிருப்பீங்கன்னு நெனச்சேன். இவ்வளவு படிச்சவராச்சே."

பிறகு, மன்னிப்பு வேண்டாம், நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்றார். "வேற ஊர்ல புது ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம். நீங்களே வந்து வாசிக்கணும். கை தவறிடுச்சுன்னு எழுதறதா இருந்தா வேணாம்."

போன வாரம் போனேன். ஒரு கல்யாண மண்டபம். முப்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அடையாளம் வேறு, பக்கத்தில் இருப்பவர் கையை மூன்று முறை தட்டவேண்டும். அவர் முன் வரிசையில் இருந்தார். மேலே உள்ளதை வாசித்தேன். கைப்பிடியால் அடித்த இடம் வந்ததும் என் குரல் தானாகத் தாழ்ந்தது. வேண்டுமென்றே தாழ்த்தினேனோ என்னவோ.

அவர் தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் காட்டினார்.

"சத்தமா படிங்க சார். அந்த இடம் கேக்கல."

அந்த வரியை மறுபடி படித்தேன்.